வாட்டிலா, வீட்டிலா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எதிரணி பேசி முடித்ததும் எனக்குத் தலைப்பே மறந்துவிட்டது. ஆகவே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். திருகோணமலையில் இந்த உவர்மலை முழுவதும் "மிஸ்ஸி மாமி" என்று கூப்பிட்ட ஓய்வுபெற்ற தாதி ஒருவர், போன ஆண்டு இதே மாதம் நம்மை விட்டுப் போனார். அவர் நினைவு நாளில் படத்துக்கு மாலை போட்டு, இரண்டு நிமிடம் எழுந்து நின்று, வடை சாப்பிட்டுக் கலைந்திருக்கலாம். அது மாமிக்குப் பிடிக்காது என்று வாசிகசாலையில் யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். ஆகவே பட்டிமன்றம். மிஸ்ஸி மாமியின் வாழ்வு ஓங்கி நின்றது ஆஸ்பத்திரி வாட்டிலா, வீட்டிலா? நாங்கள் வீட்டு அணி.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் அந்த வீட்டு மருமகள். மாமியாரைப் புகழ்ந்து பேச ஒரு மருமகள் தானாக விரும்பி மேடை ஏறியிருக்கிறாள். நடுவர் அவர்களே, திருகோணமலையில் இது முதல் தடவையாகத்தான் இருக்கும். நான் பேசாமலே தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதிவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகலாம். போகவில்லையா? சரி, பேசுகிறேன்.

எதிரணியில் மாஸ்டர் நன்றாகப் பேசினார். மூதூரிலிருந்து லாஞ்சியில் வந்து இறங்கிய நோயாளிகளைச் சொன்னார். 2009இல் பாலம் திறக்குமுன் கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்த பிள்ளைத்தாய்ச்சிகளைச் சொன்னார். கடல் பொங்கிய நாளைச் சொன்னார், அதற்குப் பிறகு வருகிறேன். கடைசியில் விளக்கேந்திய சீமாட்டி புளோரன்ஸ் நைட்டிங்கேலையே மேடைக்குக் கூட்டிவந்துவிட்டார். அவர் பிறந்த மே 12ஆம் திகதியைத்தான் உலகம் தாதியர் தினமாக வைத்திருக்கிறது, அவர் கலியாணமே செய்யாமல் நோயாளிகளுக்காக வாழ்ந்தார், ஆகவே தாதியின் பெருமை வாட்டில்தான் என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் திரும்பிப் பார்த்ததால் நிறுத்திவிட்டேன்.

அதோடு அவர் அமர்ந்திருக்கலாம். போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டார். "வீட்டில் மாமி என்ன செய்தார்? சோறு ஆக்கினார். சோறு ஆக்கியவர்களுக்கெல்லாம் சிலை வைக்கத் தொடங்கினால் திருகோணமலையில் மான் நிற்க இடம் இருக்காது."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். முன்வரிசையில் இருக்கும் என் கணவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு இன்றிரவு வீட்டில் தனியாக ஒரு பட்டிமன்றம் இருக்கிறது, அங்கே நடுவர் கிடையாது.

மாஸ்டர், முதலில் மானைப் பார்ப்போம். பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான் நிற்கிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் மர நிழலில் படுத்துக் கிடக்கிறது. புல் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது, படம் எடுக்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். அதைவிட மரியாதையான உத்தியோகம் ஒரு மானுக்கு எங்கே கிடைக்கும்? அப்படி இருந்தும் அந்த மான் ஏன் ஊருக்குள் வருகிறது? ஏன் நடுவீதியில் நின்று பஸ்ஸை மறிக்கிறது? ஏன் மரக்கறிக் கடை வாசலில் கோவா இலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது? சோற்றுக்கு மாஸ்டர், சோற்றுக்கு! கோட்டையில் என்ன பதவி வகித்தாலும் வயிறு வேறு இடத்தில் இருக்கிறது என்று மானுக்கே தெரிந்திருக்கிறது. 40 வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவருக்குத் தெரியவில்லை.

மானை நீங்கள் இழுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு வருகிறவர்கள் வடையையும் வாழைப்பழத்தையும் பொலித்தீன் பையோடு போடுவார்கள். மான் பையையும் சேர்த்து விழுங்கும். மாமி அந்த வழியில் நின்று ஆட்களைப் பிடித்து ஏசுவார். "குடலில் அடைத்தால் இதற்கு யார் ஒப்பரேஷன் செய்வது? நீயா?" என்று ஒரு பெரிய மனிதரிடம் கேட்டார். அவர் உண்மையிலேயே ஒரு சத்திரசிகிச்சை நிபுணராம். நாங்கள் அன்றைக்குக் கோயிலுக்குள் போகாமலே திரும்பினோம்.

சரி, சோறு. மாமி ஆக்கிய அந்தச் சோற்றைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா?

என் மாமனாருக்கு 50 வயதில் சீனி வருத்தம் பிடித்தது. அந்த நாளிலிருந்து அவர் கோப்பையில் விழுந்த ஒவ்வொரு பருக்கையும் கணக்கு. காலையில் குரக்கன் பிட்டு. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, தேநீர்க் கோப்பையால் அளந்து ஒன்றரை. பாவற்காய் வாரத்தில் மூன்று நாள். மாமா சொல்வார், "கலியாணம் கட்டியபோது கசக்கும் என்று சொன்னார்கள், இந்த அளவுக்கு என்று சொல்லவில்லை."

அது மட்டும் என்றால் நான் மாஸ்டருக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். ஒவ்வொரு நாள் இரவும், ஒரு பேசினில் தண்ணீர், ஒரு டோர்ச், ஒரு சின்னக் கண்ணாடி. மாமா கதிரையில் இருப்பார். மாமி கீழே இருந்து அவருடைய பாதங்களை எடுத்து மடியில் வைப்பார். விரல் இடுக்கைத் துடைத்து, டோர்ச் அடித்து, உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பார். நீண்ட நாள் சீனி காலில் நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் நோகாது. நோகாத புண்ணை யார் குனிந்து பார்க்கிறார்கள்? அது அழுகும். முதலில் ஒரு விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அப்படிப் போன கால்களை வாட்டில் நிறையப் பார்த்தவர் மாமி. இரவுக் கடமை என்றால் பொழுதுபடுமுன்னே காலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். 23 வருடம்.

மாமா 73 வயதில் நெஞ்சு வருத்தத்தில் போனார். பெட்டியில் வைக்குமுன் எல்லோரும் தலைமாட்டில் நின்று அழுதோம். மாமி கால்மாட்டுக்குப் போனார். குனிந்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து. "சரி, கொண்டுபோங்கள்" என்றார்.

சோறு ஆக்கினாராம்!

நடுவர் அவர்களே, கைக்குட்டையை உள்ளே வையுங்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது சிரிக்க வேண்டிய கதை. இங்கே பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு முடிவைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமி ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு. மட்டக்களப்பில் இருக்கிற என் மச்சாளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்திருந்தது. மாமி போய்ப் பத்து நாள் நிற்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு ஓட்டோ வாசலில் நிற்கிறது. ஏழு மணிக்குப் பஸ். பெட்டி ஏறிவிட்டது. இடித்து வைத்த சரக்குத்தூள் ஏறிவிட்டது. முட்டைக்கூடை ஏறிவிட்டது. மாமி மட்டும் ஏறவில்லை. வீட்டுக்குள் நின்று என்னைக் கூப்பிடுகிறார்.

"பிள்ளை, வா. பொறுப்பு எடு."

என் கையில் தேங்காய்ப்பூ. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாட்டில் ஒருவர் வேலை முடிந்து போகும்போது, அடுத்து வருகிறவரைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் ஒப்படைப்பார்களாம். இவருக்கு இன்ன வருத்தம், இன்ன மருந்து, இரவு இப்படி இருந்தார் என்று ஒவ்வொரு கட்டிலடியிலும் நின்று சொல்வார்களாம். 30 வருடத்துக்கு மேல் அதைச் செய்தவர் சும்மா "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாரா? கையில் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி. காதில் பேனை. நடக்கத் தொடங்கிவிட்டார். நான் தேங்காய்ப்பூவோடு பின்னால் போகிறேன்.

கட்டில் ஒன்று. மாமா. கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோல் கிடக்கிறார். மாமி கால்மாட்டில் நின்று கொப்பியை விரித்து வாசிக்கிறார். "ஆண். வயது 67. சீனி, பிறஷர். குளிசையை விழுங்கியதுபோல் நடிப்பார், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்."

மாமா கண்ணைத் திறக்காமலே, "பொய்" என்றார்.

மாமி திரும்பியும் பார்க்கவில்லை. "நோயாளி இடைக்கிடை முணுமுணுப்பார். வழமையானது." பக்கத்தைப் புரட்டினார். "மழை இல்லாத நாளில் குடையைத் தேடினால், குடையை விரித்துப் பார்."

வெளியே ஓட்டோக்காரர் ஹோன் அடிக்கிறார். இந்த ஓட்டோவை மறந்துவிடாதீர்கள்.

கட்டில் இரண்டு. அதோ, சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். குறட்டை. "ஆண். வயது 36. வருத்தம் எதுவுமில்லை. அதுதான் வருத்தம். முதல் கூப்பிடலுக்கு அசையமாட்டான். இரண்டாவதற்கு 'ம்' என்பான். மூன்றாவதற்குக் கூப்பிட வேண்டாம், தண்ணீர் ஊற்று." எழுத்து மூலமான அதிகாரம், நடுவர் அவர்களே! அந்தப் பத்து நாளும் நான் அதை முழுமையாகப் பயன்படுத்தினேன். தேவையில்லாத நாளிலும் பயன்படுத்தினேன்.

கட்டில் மூன்று. என் மகன், ஏழு வயது. "முன்பல் ஆடுகிறது. தானாக விழும், இழுக்க வேண்டாம். நித்திரையில் போர்வையை உதைப்பான். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து போர்த்து." எனக்குப் பகீர் என்றது. என் பிள்ளை இரண்டு மணிக்குப் போர்வையை உதைக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் போர்த்தியது யார்?

ஹோன் இன்னொரு தடவை. இந்தத் தடவை நீளமாக.

கட்டில் நான்கு. கொப்பியில் பக்கம் இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது. மாமி கொப்பியை மூடிவிட்டார். "கட்டில் நான்கு யார் மாமி?" என்று கேட்டேன், தெரியாததுபோல. "நோயாளிக்கு முன்னால் நோயாளியைப் பற்றிப் பேசக்கூடாது" என்றார். "மாமாவுக்கு முன்னால் பேசினீர்களே?" "அவர் நித்திரை" என்றார். உள்ளேயிருந்து மாமா, "ஓம், நான் நித்திரை" என்றார்.

கொப்பியின் அடியில் கையெழுத்து வாங்கினார். தேங்காய்ப்பூ ஒட்டிய கையெழுத்து. மணி ஆறு ஐம்பத்தைந்து. அந்த ஓட்டோ எப்படிப் பஸ்ஸைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்தான் பயந்து நின்றிருக்கும்.

மூன்றாம் நாள். சரியான வெயில், காகம்கூடப் பறக்கவில்லை. மாமா கூப்பிடுகிறார். "பிள்ளை, என் குடை எங்கே?" எனக்குப் பொறி தட்டியது. மண்டபத்தின் மூலையில் கறுப்புக் குடை சாத்தியிருக்கிறது. பக்கத்தில் வரிசையாக எறும்பு. எடுத்தேன். நடு மண்டபத்தில் நின்று விரித்தேன்.

லட்டு மழை!

ஒன்று அலுமாரிக்குக் கீழே உருண்டது. ஒன்று என் மகனின் காலடியில் வந்து நின்றது, அவன் அதைக் கடவுள் கொடுத்ததாக நினைத்து வாயில் போட்டுவிட்டான். ஒன்று என் தலையில். மாமா கண்ணை மூடி நித்திரையாகிவிட்டார், நின்றபடியே.

அன்றிரவு பத்து மணிக்கு மட்டக்களப்பிலிருந்து தொலைபேசி. மாமி ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு எடுப்பார். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "கட்டில் ஒன்று?" என்றார்.

"குடையை விரித்தேன் மாமி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார், "எத்தனை?"

"மூன்று."

"நாலு இருக்க வேண்டும்."

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, திருப்பிச் சொல்கிறேன். நாலு இருக்க வேண்டும்! மட்டக்களப்பில் நின்றுகொண்டு உவர்மலைக் குடைக்குள் இருக்கிற லட்டை எண்ணுகிற கண்ணை எந்த ஆஸ்பத்திரி கொடுத்தது? அந்த நாலாவது லட்டு இன்றைக்குவரை கிடைக்கவில்லை. மாமா இரகசியத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். லட்டையும்தான்.

மாஸ்டர் ஏதோ எழுதுகிறார். எனக்குத் தெரியும் என்ன எழுதுகிறார் என்று. "வீட்டை வாட்டாக மாற்றியவர் அல்லவா, அப்படியானால் ஓங்கி நின்றது வாட்டுத்தானே?" அதைத்தானே எழுதுகிறீர்கள்? அடித்துவிடுங்கள். வாட்டில் நோயாளி குணமானால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது துண்டு வெட்டினார்களா? என் கணவர் 16 வருடமாக "வருத்தம் எதுவுமில்லை" என்று எழுதப்பட்டே கட்டில் இரண்டில் இருக்கிறார்!

இனி நைட்டிங்கேல். எங்களை மடக்கலாம் என்று எதிரணி கொண்டுவந்த ஆள் எங்கள் ஆள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கிரிமியப் போருக்கு 1854இல் 38 பெண்களோடு போனார், உண்மை. எத்தனை நாள் நின்றார்? இரண்டு வருடத்துக்கும் குறைவு. 1856இல் திரும்பியவர் 1910இல் 90 வயதில் இறக்கும்வரை பெரும்பகுதியை உடம்புக்கு முடியாமல் தன் அறைக்குள் இருந்துதான் வேலை செய்தார். வாட்டில் இரண்டு, வீட்டில் ஐம்பத்து நாலு! இது கொஞ்சம் இழுத்த வாதம், ஒத்துக்கொள்கிறேன். நடுவர் சிரித்துவிட்டார், எனக்கு அது போதும்.

இழுக்காத வாதம் ஒன்றும் இருக்கிறது. 1859இல் அவர் நோயாளர் பராமரிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யாருக்காக? தாதியருக்குப் பாடப்புத்தகமாக எழுதவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் பிள்ளையையும் வருத்தக்காரரையும் பார்த்துக்கொள்கிற சாதாரணப் பெண்களுக்காக எழுதினார். சன்னலைத் திற, சத்தம் போடாதே, நோயாளி சாப்பிடாமல் வைத்த கோப்பையைக் கட்டிலருகில் விட்டுவைக்காதே என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாஸ்டரின் விளக்கேந்திய சீமாட்டி அந்த விளக்கை எங்கள் அடுப்படிக்குத்தான் கொண்டுவந்து வைத்தார். அதோடு, போரில் காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய வருத்தங்களால் செத்தவர்கள் அதிகம் என்று எண்ணி எண்ணிப் படம் கீறி அரசாங்கத்தின் முகத்துக்கு முன் பிடித்தவரும் அவர்தான். அவரும் ஒரு கொப்பிக்காரி! லட்டு எண்ணுகிற சாதி!

முதல் மணி அடித்துவிட்டது. சரி.

கடல் பொங்கிய நாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. மாமிக்கு அன்று கடமை இல்லை. எங்கள் வீடு மேட்டில் என்பதால் தண்ணீர் வரவில்லை. செய்தி வந்ததும் கட்டியிருந்த சேலையோடு போய்விட்டார். மூன்று நாள் வரவில்லை. மாஸ்டர் இதைச் சொன்னபோது சபை அமைதியாக இருந்தது. நானும் அதைப் பகிடியாக்கப் போவதில்லை. அந்த மூன்று நாளும் வாட்டுக்குத்தான். எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே, அந்தப் புள்ளி அவர்களுக்கு.

மூன்றாம் நாள் இரவு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. எங்கள் எல்லோரையும் விறாந்தைக்கு வரச் சொன்னார். மாமா, இவர், இடுப்பில் பிள்ளையோடு நான், விடுமுறைக்கு வந்து நின்ற மச்சாள். விரலை நீட்டி எண்ணினார். ஐந்து. இன்னொரு தரம் எண்ணினார். பிறகுதான் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் எதை எண்ணிவிட்டு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். எனக்கு மாமியைப் பிடிக்காது. முதல் நாலைந்து வருடம் உண்மையிலேயே பிடிக்காது. நான் வவுனியாவில், ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில், சத்தத்துக்குள் வளர்ந்தவள். இந்த வீட்டில் அணைப்பதும் கிடையாது, "என் ராசாத்தி" என்பதும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாயா?" என்பதுதான் பதில். இவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், உங்கள் அம்மாவுக்கு நெஞ்சுக்குள் தேர்மோமீற்றர்தான் இருக்கிறது என்று. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போன நாளிலும் அப்படித்தான். சனம் எல்லாம் வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்க, மாமி ஒவ்வொரு கிணற்றிலும் விரலை விட்டு, "இது தொண்ணூற்றொன்பது, இது நூற்றொன்று, இந்தக் கிணற்றுக்குப் பனடோல் கொடுக்க வேண்டும்" என்று ஏழு கிணற்றுக்கும் காய்ச்சல் பார்த்தார். நான் அன்று சிரிக்கவில்லை. வீம்பு.

கடைசி நாலு மாதம் கட்டில் அவருடையது. கொப்பி என் கைக்கு வந்தது. "காலை கஞ்சி குடித்தார்" என்று எழுதிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போடச் சொல்லி வாசித்துவிட்டு, "எத்தனை மணிக்கு? எவ்வளவு?" என்றார். திருத்தி எழுதினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். முதல் நாள் நான் தோளைப் பிடித்து இழுத்தேன். குரல் அடைத்துப் போயிருந்த நேரத்திலும் சொன்னார், "இழுக்காதே, தோல் உரியும். உருட்டு." நான் உருட்டப் பழகினேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உருட்டிவிட்டு, போர்வையைப் போர்த்திவிட்டுத் திரும்பும்போது ஒருநாள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இதே நேரத்தில்தானே என் பிள்ளைக்குப் போர்த்திக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். போகும்போது மாமியின் உடம்பில் ஒரு புண்கூட இருக்கவில்லை. நானும் எண்ணித்தான் அனுப்பினேன்.

31ஆம் நாள் கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்தி நீர் வரவழைத்த இடம் என்பார்கள். ஐயர் சொல்லச் சொல்ல இவர் எல்லாவற்றையும் செய்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எல்லாம் முடிந்து குளிக்க வந்தபோது முதல் கிணற்றில் விரலை விட்டார். "தொண்ணூற்றொன்பது" என்றார். அவ்வளவுதான், அப்படியே கிணற்றுக் கட்டின்மேல் இருந்துவிட்டார். சத்தமாகச் சிரிக்கிற மனிதர் என்று முதலில் சொன்னேனே, அன்று அழுததும் அப்படித்தான்.

இரண்டாவது மணி. தெரியும் நடுவர் அவர்களே. ஒரே ஒரு நிமிடம்.

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அடித்தட்டில் சி.ஆர். கொப்பிகள் இருந்தன. ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோகாமல் எழுதியவை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வேலையில் இருந்த காலத்திலேயே எழுதியிருக்கிறார். இரவெல்லாம் அங்கே எழுதிவிட்டு, காலையில் வந்து இங்கேயும் எழுதியிருக்கிறார். கட்டில் நான்கைத் தேடினேன். என்னைப் பற்றிக் குறை எழுதியிருப்பார், பார்த்துவிட்டு ஒருமுறை நன்றாகக் கோபித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான் கலியாணம் கட்டி வந்த மாதத்திலேயே பக்கம் தொடங்குகிறது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன் என்று 20 வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன். எந்த அணிக்குச் சாதகம் என்று எனக்கே தெரியவில்லை. வாசித்துவிட்டு இறங்குகிறேன்.

"கட்டில் 4. காலை 7.20. இரண்டு கண்ணும் வீக்கம். அழுதிருக்கிறாள். கேட்கவில்லை. ஊர் ஞாபகமாக இருக்கலாம். கோப்பிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன், முழுவதும் குடித்தாள்."

"கட்டில் 4. காலை 7.15. வீக்கம் குறைவு. இடியப்பம் மூன்று."

"கட்டில் 4. காலை 7.30. மாமா ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். சத்தமாக. தொடர்ந்து கவனிக்கவும்."

வணக்கம்.